டிரெய்லருக்கு எந்த ஏசி? டல்லாஸ் மாணவருக்கு ஒரு பதில்



போன வாரம் டல்லாஸிலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், சின்னதா ஒரு கேம்பிங் டிரெய்லர் வாங்கியிருக்கேன். அதுக்கு ஏசி எது போடலாம்? ஆஸ்டின்ல உங்க மாப்பிள்ளை வண்டிக்கு நீங்கதான் கணக்குப் போட்டுக் கொடுத்தீங்களாமே?" என்று கேட்டார். பத்து நிமிடம் பேசினேன். எத்தனை வாட், எத்தனை ஆம்பியர் எல்லாம் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதி எனக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம். அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிதில்லை.

ஊரில் இருக்கும் உறவுகளுக்காக ஒரு வார்த்தை. டிரெய்லர் என்றால் காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் குட்டி வீடு. மாப்பிள்ளை பழையதாக வாங்கியது 13 அடி நீளம். கொக்கிக் கம்பியைக் கழித்தால் உள்ளே பத்தடி நீளம், ஆறடி அகலம் இருக்கும். நின்றால் தலைக்கு மேல் நான்கு விரல் இடம். ஒரு படுக்கை, ஒரு குட்டி மேஜை, ஒரு அடுப்பு, ஒரு குளிர்பெட்டி. நம் ரயிலில் ஒரு கூபேயைக் கழற்றிச் சக்கரம் மாட்டியது போல நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். வாங்கும்போது அதில் ஏசி கிடையாது.

2023 ஜூனில் நானும் அம்மாவும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். (என் துணைவியாரை நீங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவீர்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.) அந்த வருடக் கோடை டெக்சாஸ் மக்கள் இன்றும் பேசும் கோடை. ஜூலை, ஆகஸ்டில் ஆஸ்டினில் தொடர்ந்து 45 நாட்கள் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. நம் கணக்கில் 38 டிகிரி செல்சியஸ்.

ஜூன் கடைசியில் கார்னர் ஸ்டேட் பார்க் என்ற இடத்துக்குப் போனோம். ஆஸ்டினிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபிரியோ என்ற ஆற்றங்கரை. ஃபிரியோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் குளிர் என்று அர்த்தமாம். கரையில் பெரிய பெரிய சைப்ரஸ் மரங்கள். மழை இல்லாததால் ஆறு மெலிந்திருந்தது, ஆனாலும் பேத்தி குளிக்கத் தண்ணீர் இருந்தது.

கிளம்புவதற்கு முன்பே மாப்பிள்ளை, "மாமா, ஒரு ஏசி போட்டுட்டுப் போகலாமா? அத்தைக்குக் கஷ்டமா இருக்கும்" என்று கேட்டார். நான் சிரித்தேன். "சாத்தூர்ப் பக்கம் பொறந்து வளர்ந்தவங்களுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா? கத்திரி வெயில்ல சைக்கிள் மிதிச்சவன் நான். ஒரு ஃபேன் போதும்" என்றேன். மாப்பிள்ளை மரியாதைக்காரர், மறுபேச்சுப் பேசவில்லை. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா களைப்பாக இருக்கிறது என்றார். "உள்ள நிழல்ல ஃபேனைப் போட்டுப் படு. நாங்க பேத்தியை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனோம். ஜன்னல்கள் திறந்திருந்தன. 12 வோல்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நல்ல வெயிலில் நின்றது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து நான் மட்டும் துண்டு எடுக்கத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அம்மா படுக்கையில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். புடவை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. "தலை சுத்துதுங்க, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றார். எழுந்து நிற்க முடியவில்லை.

கை கால் ஓடவில்லை எனக்கு. சத்தம் போட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர்தான் ஓடிவந்து காரை ஸ்டார்ட் செய்து, ஏசியை முழுதாக வைத்து, அம்மாவை முன் சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்தார். மகள் ஈரத்துணியால் கழுத்து, கை, கால் துடைத்தாள். வாந்தி உணர்ச்சி நின்றதும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். பேச்சு குழறினாலோ தெளிவு இல்லாமல் போனாலோ உடனே 911 அழைக்க வேண்டும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தார் மாப்பிள்ளை. நல்லவேளை, அரை மணி நேரத்தில் முகத்தில் களை வந்தது.

நடந்தது என்ன என்று உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள், நான்தானே பாடம் எடுத்தேன். நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாக இருந்தால் வெப்பம் உடம்பிலிருந்து காற்றுக்குப் போகாது, காற்றிலிருந்து உடம்புக்கு வரும். அப்போது வியர்வை ஆவியாவது ஒன்றுதான் வழி. ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, நகர்த்தத்தான் செய்கிறது. வெளியே 39 டிகிரி. வெயிலில் நிற்கும் ஃபைபர் கிளாஸ் பெட்டிக்குள் அதைவிட எத்தனையோ அதிகம். அந்த ஃபேன் அவர் மேல் அடுப்புக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. போதாததற்கு 64 வயது, ரத்த அழுத்த மாத்திரை வேறு. சில வகை பிரஷர் மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கும். முப்பத்து நான்கு வருடம் வெப்பவியல் நடத்தியவனுக்கு இது தெரியாதா? தெரியும். எழுதச் சொன்னால் முழு மதிப்பெண் வாங்குவேன்.

காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது கேட்டேன், "ஏம்மா, இவ்வளவு புழுக்கமா இருந்தா எந்திரிச்சு வெளிய வந்திருக்கலாம்ல? சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன சொல்வீங்கன்னு தெரியும்ங்க. சாத்தூர் வெயிலவிடவான்னு கேப்பீங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "நம்ம வீட்டு அடுப்படியில நாப்பது வருசம் நின்னுருக்கேன். பள்ளிக்கூடத்துல தெர்மாமீட்டர் வச்சுப் பாடம் எடுத்தீங்க. ஒருநாளாவது அடுப்படியில எத்தனை டிகிரின்னு பாத்துருக்கீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குப் பதில் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். முன்னால் ஹாலும் அறையும் கான்கிரீட். பின்னால் அடுப்படி சிமெண்ட் ஷீட் போட்டது. ஹாலில் ஃபேன். அடுப்படியில் ஃபேன் கிடையாது, போட்டால் அடுப்புச் சுடர் அலையும். சாத்தூர் வெயில் எனக்குப் பழக்கம் என்று பெருமை பேசினேனே, அந்த வெயிலின் பெரும் பங்கை வாங்கியவர் யார் என்று அன்றைக்கு வரை நான் யோசித்ததில்லை.

அன்று மாலையே ஊர் திரும்பினோம். மறுநாள் காலை மாப்பிள்ளையிடம், "ஏசி போடுவோம். கணக்கு நான் பார்க்கிறேன்" என்றேன். டல்லாஸ் மாணவர் கேட்ட பாடம் இங்கிருந்து ஆரம்பம்.

முதலில் அளவு. அங்கே ஏசியின் திறனை பிடியூ என்று சொல்வார்கள். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு பிடியூ. நம் ஊரில் ஒரு டன் ஏசி என்கிறோமே, அது ஏசியின் எடை இல்லை. 2,000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அந்த வேகம். மணிக்கு 12,000 பிடியூ.

பெரிய டிரெய்லர்களில் கூரை மேல் வைக்கும் ஏசி பெரும்பாலும் 13,500 பிடியூ. அதாவது ஒரு டன்னுக்கும் மேல். மாப்பிள்ளை அதைத்தான் பார்த்து வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். இந்த முறை காரணத்தோடு சொன்னேன்.

ஒன்று, எடை. அது சுமார் 40 கிலோ. எங்கள் குட்டி வண்டியின் கூரை அதற்காகச் செய்யப்பட்டதில்லை. இரண்டு, மின்சாரம். ஓடும்போது 1,300 முதல் 1,500 வாட். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அந்த ஒரு நொடியில் படுத்துவிடும். மூன்றாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது. இடத்துக்கு மிஞ்சிய ஏசி காற்றைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் போதாது. பிறகு மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். உள்ளே குளிரும், ஆனால் ஈரச்சாக்கைப் போர்த்திய மாதிரி இருக்கும்.

ஈரத்தை எடுப்பது ஏசியின் துணை வேலை என்று நினைக்காதீர்கள். அது பிறந்ததே அதற்காகத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணத்தின் மேல் வண்ணம் சரியாக உட்காராமல் போனது. அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் தன் முதல் ஏற்பாட்டை வடிவமைத்தார். சிவகாசியில் ஆஃப்செட் ஓட்டும் நம் மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மழைக்காலத்தில் அவர்கள் படும் பாடு அதுதான்.

வேறு வழிகளையும் பார்த்தோம். தண்ணீர் ஊற்றும் கூலர் ஒன்று, 12 வோல்ட்டிலேயே ஓடும், மலிவு. நம் மண்பானை, வெட்டிவேர்த் தட்டியின் தத்துவம்தான். அரிசோனா போன்ற வறண்ட இடத்தில் நன்றாக வேலை செய்யும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் இன்னும் புழுக்கம்தான் கூடும். அடுத்து, தரையில் வைத்து ஒரு குழாயை ஜன்னல் வழியே விடும் ஏசி. அது அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்துச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று சந்து பொந்து வழியே உள்ளே வரும். வாளியில் ஓட்டையை வைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்புகிற கதை.

கடைசியில் வாங்கியது சாதாரண 5,000 பிடியூ ஜன்னல் ஏசி. அரை டன்னுக்கும் குறைவு. 450 வாட், நான்கு ஆம்பியருக்குள். எடை 18 கிலோ. விலையும் கூரை ஏசியில் சிறு பங்குதான். உள்ளே மூன்று பேர் இருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஆளுக்கு 100 வாட் என்று வைத்தாலும் 300 வாட், சுமார் 1,000 பிடியூ. மீதி 4,000 பிடியூ சுவருக்கும் கூரைக்கும். நிழலில் நின்றால் போதும், வெயிலில் நின்றால் திணறும். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்க அலமாரியில் ஓட்டை வெட்டி ஏசியைப் பொருத்தினார் மாப்பிள்ளை. வீட்டு வாசலிலேயே ஓட்டிப் பார்த்தோம். முதல் அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்தது. பிறகு சோர்ந்துவிட்டது. அலமாரியைத் தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. ஜன்னல் ஏசியின் பக்கவாட்டில் கீறல் கீறலாகத் திறப்புகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது வெளிக்காற்றை இழுக்கும் மூக்கு. பின்பக்கம்தான் சூட்டை விடும் வாய். நாங்கள் வாயை வெளியே நீட்டி, மூக்கை அலமாரிக்குள் பூட்டிவிட்டோம். தகரத்தில் ஒரு தடுப்பு வைத்து, இரண்டு பக்கமும் வெளிக்காற்று வர ஜன்னல் வெட்டிய பிறகுதான் சரியானது. பின்னால் தண்ணீர் தெறிக்கிற சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பல மாடல்களில் அந்தத் தண்ணீரையே விசிறி அள்ளிச் சூடான சுருள் மேல் தெளிக்கும். அதற்காக அடியில் ஓட்டை போட்டுவிடாதீர்கள்.

செப்டம்பர் முதல் வாரம் லேபர் டே விடுமுறையில் அதே பூங்காவுக்கு மறுபடி போனோம். வெயில் குறைந்தபாடில்லை. போகும் முன் அம்மாவிடம், "வர்றியாம்மா? வேண்டாம்னா நாம ரெண்டு பேரும் வீட்டுலயே இருக்கலாம்" என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆறு நல்லாத்தான் இருந்துச்சு. வர்றேன்" என்றார்.

நிழல் முக்கியம் என்று நான் வண்டியை மரத்தடிக்குத் தள்ளச் சொன்னேன். அதனால் வண்டியின் சொந்த மின்கயிறு கரண்ட் கம்பத்துக்கு எட்டவில்லை. அது 30 ஆம்பியர் தாங்கும் தடித்த கயிறு. காரில் தோட்ட வேலைக்கு வைத்திருந்த ஆரஞ்சு எக்ஸ்டென்ஷன் ஒயர் இருந்தது. 50 அடி. அடாப்டர் வைத்து அதைச் சேர்த்தேன். ஏசிக்கு நாலு ஆம்பியர்தானே, ஒயர் பத்து தாங்கும். கணக்குச் சரி.

மாலை ஐந்து மணிக்கு எல்லோருக்கும் காபி என்று மின்கெட்டிலைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ரப்பர் தீய்கிற வாசனை. வாசனையை முதலில் பிடித்தவர் அம்மா. "என்னமோ கருகுதுங்க, ஓடிப் பாருங்க." பிளக் தொட முடியாத சூடு. பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கம்பத்தில் பிரேக்கரை இறக்கிவிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. காய்ந்த புல் மேல் கிடந்தது அந்த ஒயர்.

கணக்கைப் பாருங்கள். கெட்டில் 1,500 வாட். நம் ஊரில் 230 வோல்ட், அதனால் ஆறரை ஆம்பியர். அங்கே 120 வோல்ட், பன்னிரண்டரை ஆம்பியர். அதோடு ஏசி நாலு, குளிர்பெட்டியும் விளக்கும் ஒன்றரை. மொத்தம் 18. பிரேக்கர் 20 ஆம்பியர், அது ஏன் விழப்போகிறது? ஒயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதினேன்! பத்து தாங்கும் ஒயரில் 18 விட்டால் வெப்பம் மூன்று மடங்குக்கு மேல். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. பேத்திதான், "தாத்தா, நீங்க பிசிக்ஸ் டீச்சர்தானே?" என்று கேட்டாள்.

வண்டியைப் பத்தடி முன்னால் இழுத்துச் சொந்தக் கயிற்றிலேயே மாட்டினோம். நிழல் பாதி போனது. வெயில் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தார்ப்பாயை, சுவரைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினோம். ஜன்னல்களுக்கு வெள்ளிநிறத் தடுப்பு அட்டை. பேத்திக்கு ஒரு நோட்டும் தெர்மாமீட்டரும் கொடுத்து அரை மணிக்கு ஒரு முறை எழுதச் சொன்னேன். மறுநாள் தார்ப்பாய் கட்டும் முன் வெளியே 38, உள்ளே 31. கட்டிய பிறகு அதே 38க்கு உள்ளே 27. மின்சாரம் ஒரு பைசா கூடவில்லை.

அன்று மதியம் அம்மா உள்ளே இரண்டு மணி நேரம் தூங்கினார். நான் வெளியே மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் முறை, "கதவைத் தொறந்து தொறந்து மூடுனா குளிர் எப்படிங்க நிக்கும்?" என்று குரல் வந்தது.

டல்லாஸ் மாணவருக்காக இன்னும் சில குறிப்புகள். மின் இணைப்பு இல்லாத இடத்தில் பேட்டரியை நம்பாதீர்கள். 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1,280 வாட் மணிதான். இந்தக் குட்டி ஏசியே மூன்று மணி நேரம் ஓடாது. ஜெனரேட்டர் வைத்தால் வண்டியிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளி, புகை எதிர்த்திசையில் போகும்படி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் உள்ளே கட்டாயம் வேண்டும். பல பூங்காக்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்பதையும் மறக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் தேவையென்றால் 10 கேஜ் ஒயர் வாங்குங்கள். கேஜ் எண் குறையக் குறையத்தான் கம்பி தடிமன். மேலே கரண்ட் போனால் ஏசி நிற்கும், சொல்லிவிட்டு நிற்காது. அதனால் குழந்தைகளையோ, பெரியவர்களையோ, நாயையோ ஏசி ஓடுகிறது என்று நம்பி உள்ளே விட்டுவிட்டு ஆற்றுக்குப் போகாதீர்கள்.

இனி மறைத்த பாதியின் மிச்சம்.

அக்டோபரில் ஊர் வந்தோம். அடுத்த ஏப்ரலில் ஒருநாள் காலை பதினொன்றரை மணிக்குத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். சோறும் குழம்பும் கொதித்துக்கொண்டிருந்தன. அம்மா நிற்கும் இடத்தில், அவர் முக உயரத்துக்குப் பிடித்தேன். 43. ஹாலில் வந்து பார்த்தேன். 34. நடுவில் ஒரு கதவுதான். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் நாற்பது வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன்.

"எத்தனை காட்டுது?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவுதானா? மே மாசம் வந்து பாருங்க" என்றார்.

மே மாதம் வரை வைக்கவில்லை. ஷீட்டுக்கு மேல் வெள்ளைப் பூச்சு, கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தெர்மாகோல் தடுப்பு, அடுப்புக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன். டிரெய்லரில் கற்ற பாடம்தான், முதலில் நிழல், பிறகு காற்றுப் போக வழி, கடைசியில்தான் இயந்திரம். இப்போது அதே நேரத்தில் 36 காட்டுகிறது. படுக்கையறைக்கு ஒரு டன் ஏசியும் வந்துவிட்டது. ரிமோட் அவரிடம் இருக்கிறது. எனக்குக் குளிர்ந்தால் போர்வை எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கும் மாணவர்கள் நாளை காலை சமையல் நேரத்தில் அடுப்படியில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, என்ன காட்டுகிறது என்று கீழே எழுதுங்கள். இதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்